பதினெட்டாம் எண் வீட்டு மாப்பிள்ளை

கிழவரின் இடது கையில் தஸ்பீஹ் ஜெபமணி ஓடிக்கொண்டிருந்தது. வலது கையால் ஒயின் பாட்டிலைச் சாய்த்து, அடியில் வண்டல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்.

துனிஸில் முப்பது வருடமாக ஒயின் கடை நடத்தும் லம்ஜத் அவர் தலையிலிருந்த வெள்ளைக் குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான். குல்லா போட்டவர்கள் வராமல் இல்லை. ஆனால் வந்த வேகத்தில் கறுப்புப் பையில் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவர் வந்து கால் மணி நேரம் ஆகிறது.

காலையிலேயே இஸ்கந்தர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பதினெட்டாம் எண் வீடு, தபால் அலுவலக வேலை, வயது முப்பத்து நான்கு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். பெண்ணின் அப்பா ஹஜ் போய் வந்தவர், ஊரில் தோட்டம் துரவு உள்ளவர், எப்போது வேண்டுமானாலும் தெருவில் விசாரிக்க வருவார் என்றான்.

"அண்ணே, யார் கேட்டாலும் நான் இந்தப் பக்கமே வர்றதில்லைன்னு சொல்லிடுங்க. இதுவும் போச்சுன்னா அம்மா தாங்க மாட்டாங்க."

கிழவர் கேட்டதென்னவோ சாதாரணக் கேள்வி. வீட்டில் விருந்தாம். இருபது தினாருக்குள், திராட்சை விளையும் ஊருக்கு ஒன்றாக, கொடுத்த காசுக்கு மோசமில்லாத சிவப்பும் வெள்ளையும் சொல்ல வேண்டுமாம்.

லம்ஜத் சொன்னான். மீனுக்கு கெலிபியா வெள்ளை. பூ வாசனை அடிக்கும், ஆனால் இனிக்காது. ஆட்டுக்கறிக்கு மோர்னாக் சிவப்பு, ஊற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைத்துவிட வேண்டும். பிஸெர்த்தே பக்கத்து வெள்ளைக்குப் பெயர் கிடையாது, அதனால் விலையும் கிடையாது. ஆனால் முப்பது தினார் சரக்கெல்லாம் அதன் முன்னால் நிற்காது. கிரோம்பாலியா சிவப்பு வாங்கினால் போன வருடத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தையதை எடுக்க வேண்டும்.

"ஆமா. போன ஆகஸ்ட்ல, அறுக்கிற நேரம் பாத்து மழை பிடிச்சுக்கிச்சு" என்றார் கிழவர்.

லம்ஜத் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் வெள்ளி, கடை கிடையாது. இஸ்கந்தர் வியாழன்தோறும் எடுத்துப்போகும் இரண்டு பாட்டில்கள் கல்லாவுக்குக் கீழே பையில் இருந்தன. அதைக் காலால் உள்ளே தள்ளினான்.

"நல்ல நாக்குப்பா உனக்கு. யாருகிட்ட கத்துக்கிட்டே?"

லம்ஜத்துக்கு நாக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சர்க்கரை வந்த பிறகு ஆறு வருடமாக ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இவ்வளவு நேரம் அவன் ஒப்பித்தது முழுக்க இஸ்கந்தர் குடித்துப் பார்த்துச் சொன்னது.

"எல்லாம் பழக்கம்தான் ஹாஜி."

கிழவர் மணியைச் சட்டைப்பையில் போட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பதினெட்டாம் நம்பர் வீட்டுல இஸ்கந்தர்னு ஒரு பையன் இருக்கானே. அவன் இங்க வருவானா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். லம்ஜத்துக்கு அது போதவில்லை. அந்தப் பையன் குடிக்கிறவன் பக்கத்தில் பஸ்ஸில்கூட உட்கார மாட்டான் என்றான். வினிகர் ஒயினிலிருந்து வருவதாயிற்றே என்று சாலட்டுக்கு அதை ஊற்றவே யோசிக்கிற வீடு என்றான். தன்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு நரகம்தான் என்று சொல்லிவிட்டுப் போவான் என்றான்.

"சத்தியமா?"

"என் ரெண்டு பொண்ணுங்க மேல சத்தியம்."

அந்த நேரம் பார்த்து இஸ்கந்தரே தெருவில் வந்தான். கடைக்குப் பத்தடி இருக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குல்லாவைப் பார்த்துவிட்டான். சட்டென்று தெருவைக் கடந்து, எதிர்ச் சுவரை ஒட்டித் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். போகிறபோக்கில் கடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பவும் செய்தான்.

"அவனேதான்" என்றான் லம்ஜத். இவ்வளவு கச்சிதமாக அமையும் என்று அவனே நினைக்கவில்லை. "உங்க கண்ணாலேயே பாத்துட்டீங்க."

கிழவர் அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து மனைவியிடம் பேசினார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆடு சொல்ல வேண்டாம், பையன் வீட்டுக்கு நானே ஆள் விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், மகளிடம் நீ பக்குவமாகப் பேசு என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

லம்ஜத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, இவனை விட்டால் உங்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள் என்று மன்றாடினான்.

கிழவர் ஒரு கெலிபியா வெள்ளையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பை வேண்டாம் என்றார். கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றார்.

"குடிக்காத மாப்பிள்ளை ஒருத்தன் போதும்பா. மூத்தவளைக் கட்டினவன், ஒயின் பாவம்னு என் திராட்சைத் தோட்டத்துல பாதிக் கொடியை வேரோட பிடுங்கிப் போட்டுட்டான்."