ஒரே ஒரு ஜோடிப் படம்

“கையை விடுங்க. ஜெயபாரதி பாத்தா மானமே போயிரும்.” சொன்னவர் மணப்பெண் சித்ரகலா.

புதுமாப்பிள்ளை வேல்குமார் விடுவதாக இல்லை. நேற்றுக் காலையில்தான் கெட்டிமேளம் கொட்டக் கட்டிய தாலி, கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் காயவில்லை. இன்று புதுச்சேரியின் பழைய மாதா பேராலயத்தில், பெரிய தூண் ஒன்றுக்குப் பின்னால் இருவரும் ஒளிந்து நிற்கிறார்கள்.

ஒளியாமல் என்ன செய்வது? அந்தக் குடும்பத்தில் ஜெயபாரதி வைத்ததுதான் சட்டம். திருப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த வேனிலேயே எல்லாரும் ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மணமக்களையும் சேர்த்துப் பதினேழு பேர். மாப்பிள்ளையின் பனியன் கம்பெனியில் மிஞ்சிய துணியில் பதினேழு பேருக்கும் ஒரே கிளிப்பச்சை டீ-ஷர்ட் வேறு. இதைப் போட்டுக்கொண்டு ஒளிவதும் ஒன்று, ஒளியாததும் ஒன்று.

வேன் நிற்கிற இடமெல்லாம் ஜெயபாரதி தலையை எண்ணுவாள். வெயிலில் நிற்கக் கூடாது, ஐஸ்கிரீம் தொடக் கூடாது, அலை பக்கம் போகக் கூடாது என்று காலையிலிருந்து இந்த ஜோடிக்குத்தான் அத்தனை அதட்டலும்.

மாப்பிள்ளைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தானும் சித்ரகலாவும் மட்டும் இருக்கிற ஒரு படம். நேற்று எடுத்த நானூறு படங்களிலும் நடுவில் ஒரு மாமனோ மச்சானோ தலையை நீட்டியிருந்தார். நம் சொந்தக்காரர்களுக்குக் கேமராவைக் கண்டால் கால் தரையில் நிற்காது.

செல்லைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுத்தினார். முதல் படத்தில் கூரை மட்டும் விழுந்தது. அடுத்ததில் சித்ரகலாவின் ஒரு காதும் நாலு மெழுகுவர்த்தியும். மணப்பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெபம் செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்ததும் சித்ரகலா டீ-ஷர்ட் நுனியை வாயில் அடைத்துக்கொண்டார். அப்படியும் நிற்கவில்லை, மாப்பிள்ளைக்கும் தொற்றிக்கொண்டது.

“தோள்ல சாஞ்சுக்க, கண்ணு. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போயிரலாம்.”

சாய்ந்தார். எத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். மாப்பிள்ளையின் விரல் பொத்தானுக்குப் போன நேரம் பார்த்து, “அங்க இருக்காங்க” என்று வாசலில் ஒரு குரல்.

ஜெயபாரதிதான். பின்னால் மொத்தக் கிளிப்பச்சைக் கூட்டமும். செருப்புதான் காட்டிக் கொடுத்திருந்தது. சிவன்மலை முருகனைக் கும்பிடப் போகிற பழக்கத்தில் இருவரும் அதை வாசலிலேயே ஜோடியாகக் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

களவு செய்து பிடிபட்டவர்கள் மாதிரி இருவரும் விலகி நின்றார்கள். மணப்பெண்ணுக்குத் தலை நிமிரவில்லை. இந்தப் பயணத்தில் இனி ஜோடிப் படம் இல்லை என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துபோனது.

ஜெயபாரதி விடுவிடுவென்று வந்து செல்லைப் பிடுங்கினாள். வழக்கம்போலப் படத்துக்குள் பாயக் கிளம்பிய கூட்டத்தை ஒரு கையை நீட்டி மறித்தாள். மறு கையில் செல்லைத் தூக்கிப் பிடித்தாள்.

“யாரும் குறுக்க போகாதீங்க, எங்கப்பாவும் அம்மாவும் அறுவதாங் கல்யாணம் முடிச்சு ஹனிமூன் வந்திருக்காங்க.”