ஒரு மணிக்குள் அடிலெய்டு

"இன்னும் எங்கே மிதிக்கிறது? கால் தரையிலதான் இருக்கு!" என்று கத்தினாள் லோர்னா.

ஏற்றத்தில் நூற்றுப் பத்தில் வந்துகொண்டிருந்த கார், 'பட்'டென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். அதற்கப்புறம் நாற்பதைத் தாண்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் கன்னங்கரேலென்று புகை.

"என்னை மாதிரியே ஆயிடுச்சு பாரு. மேடுன்னா மூச்சு வாங்குது" என்றான் பக்கத்தில் இருந்த அவள் கணவன் டெஸ்மண்ட்.

"உன் ஜோக்கையெல்லாம் ஆஸ்பத்திரியில போய் வச்சுக்கோ!"

சிரிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? மூன்று வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். இன்று காலையில்தான் அடிலெய்டிலிருந்து போன் வந்தது. பொருந்துகிற சிறுநீரகம் கிடைத்துவிட்டது, ஒரு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று. இப்போது மணி பத்தரை. இன்னும் இருநூறு கிலோமீட்டர் இருந்தது.

ஓரமாக நிறுத்தி, சாலை உதவிக்குப் போன் போட்டாள். ஆள் வர ரெண்டு மணி நேரமாகும் என்றார்கள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமை வயல், ஈ காக்கை இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

நல்லவேளை, ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து பின்னால் நின்றது. ஒல்லியாக, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார்.

"பேரு க்ளைவ். டிராக்டர் மெக்கானிக். என்ன சொல்லுது வண்டி?"

"திடீர்னு இழுவையே இல்லாமப் போச்சு அண்ணே. டீசல்ல தண்ணி கலந்திருக்குமோ?"

"தண்ணின்னா திக்கித் திக்கிப் போகும். சத்தம் ஏதாவது வந்துச்சா?"

"பட்டுனு ஒண்ணு. அப்புறம் மிதிக்கிறப்பல்லாம் புஸ்ஸு புஸ்ஸுனு..."

"அப்ப டர்போ ஊதற காத்து, என்ஜினுக்குப் போகாம நடுவுலயே எங்கேயோ ஓடிப்போகுது. காத்து இல்லாம டீசல் மட்டும் எரிஞ்சா கறுப்புப் புகைதான் வரும். எங்கே, கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க."

லோர்னா மிதித்தாள். க்ளைவ் குனிந்து ரப்பர் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே வந்தார்.

"அப்படி என்ன அவசரம்?" என்றார் சாவகாசமாக.

அவள் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கை அப்படியே நின்றது.

"சிறுநீரகமா? இன்னிக்கா?"

"ஆமாண்ணே. ஒரு மணி தாண்டினா கைவிட்டுப் போயிடும். உங்க வண்டியிலயாவது எங்களை ஏத்திட்டுப் போங்களேன்!"

"என் கிழட்டு வண்டி எழுபதைத் தாண்டாது. போய்ச் சேர ஒன்றரை ஆயிடும்" என்றார் க்ளைவ். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தன் வண்டிக்குப் போய் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். லோர்னா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"கிளம்பிடுவாரு போலிருக்கே, டெஸ்!"

"விடு. பாவம், அவருக்கு என்ன வேலையோ."

க்ளைவ் இறங்கி வந்தார். கையில் கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தன.

"இதைத் தேடிட்டிருந்தேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடியில் ஓடிய தடித்த குழாயைக் கழற்றிக் காட்டினார். கிளாம்ப் வளையம் பிடித்திருந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். கிழிந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அழுத்திச் சொருகி முறுக்கினார். பேட்டரி வயரையும் கழற்றிவிட்டார்.

"இது எதுக்குண்ணே?"

"இந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவை பயந்துட்டா வேகத்தைக் கட்டிப்போட்டுடும். கொஞ்ச நேரம் இப்படி விட்டாத்தான் மறக்கும்."

"எனக்கும் இப்படிக் கழட்டி மாட்டினா நல்லாயிருக்கும்ணே" என்றான் டெஸ்மண்ட்.

"உனக்குத்தான் புது பார்ட்டே வருதே தம்பி!" என்று வயரைத் திரும்ப மாட்டியபடியே சிரிக்க முயன்றார் க்ளைவ். "கிளம்புங்க. வழியில எங்கேயும் நிக்காதீங்க."

கார் சீறிக்கொண்டு பறந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. டெஸ்மண்டைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள்.

இரண்டு மணி வாக்கில், கையில் கிரீஸ் கறையோடு க்ளைவ் வந்து நின்றார். லோர்னா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே! முன்னே பின்னே தெரியாத எங்களுக்காக இவ்வளவு தூரமா?"

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் டீ வாங்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றுவிட்டார். அவர் துணைக்கு இருந்ததே அவளுக்கு யானை பலமாக இருந்தது.

நாலு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள்.

"லோர்னா, எல்லாப் பரிசோதனையும் சரியா இருக்கு. டெஸ்மண்டை ஆபரேஷனுக்குக் கொண்டு போறோம்."

லோர்னா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். க்ளைவ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்க க்ளைவ். டெஸ்மண்ட் நேரத்துக்கு வரலைன்னா இந்தச் சிறுநீரகத்தை உங்களுக்கு வைக்கலாம்னுதான் உங்களையும் கூப்பிட்டிருந்தோம்."