நாலு சதவீத வேலம்மாள்

பட்டப்படிப்பை முடிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலிலேயே அச்சடித்துத் தந்த காலம் அது. ஐந்நூற்று இருபது மார்க் எடுத்த இசக்கியம்மாளுக்கு முப்பத்தொன்றுதான் போட்டிருந்தது. நாற்பதுக்குக் கீழே என்றால் கல்லூரியில் இடமில்லை.

தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அவள் அம்மா வேலம்மாள் கோவில்பட்டிக் கல்லூரிக்கே போனாள்.

"நல்லா படிக்கிற புள்ளைக்கு எதுக்கு சார் கொறைச்சீக?"

கிளார்க் திரையைப் பார்த்தார். "உங்க வீட்ல யாரும் காலேஜ் போகலைன்னு கொறைச்சிருக்கும்மா. ஒருத்தர் படிச்சுக்கிட்டிருந்தாலும் ஐம்பதைத் தாண்டிரும்."

"நானும் பிளஸ் டூ பாஸுதான். இவளுக்கு வரலாறுதான? எனக்கும் அதையே போடுங்க."

"தபால்ல யாரும் சேரலாம். ஆனா உங்களுக்கு நாலு சதவீதம்னு காட்டுதே."

"காட்டிட்டுப் போகட்டும், எழுதுங்க."

அன்றே மகளுக்கு இடம் கிடைத்தது. பேருக்குச் சேர்ந்த வேலம்மாள், வேலைக்குப் போகும் பஸ்ஸில் பொழுதுபோகாமல் புத்தகத்தைப் புரட்டப் போய் அதிலேயே மூழ்கிவிட்டாள். முதல் வருடத் தேர்வில் இருவரும் பாஸ். மகளைவிட அம்மாவுக்குப் பதினோரு மார்க் அதிகம்.

அடுத்த ஜூனில் கிளார்க் ஜன்னலைத் திறந்தபோது, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பதினேழு பேர் மகள்களோடு வரிசையில் நின்றார்கள்.

"எங்க எல்லாத்துக்கும் வரலாறே போடுங்க சார்" என்றாள் முதலில் நின்றவள். "வேலம்மா நோட்டு இருக்கு."