வெள்ளைத் துணியும் வினிகரும்

முழங்கை வரை சிவந்த கைகளோடு அவள் கதவைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"சாயம் சார்," என்றாள். உள்ளே தொட்டியில் நிறைந்திருந்த சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பதில் போதாது.

இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலேயே அத்தான் நுழைந்தார். பூட்டுப் பட்டறைக்காரர். ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போன அவளுடைய அக்காவின் புருஷன்.

"பாத்தீங்களா சார்? கூடப் பொறந்தவளைக் காணோம், இவ கலர் கலரா துணி முக்கிட்டிருக்கா! என் பொண்டாட்டி கடைசியா கிளம்பினது இங்க வரத்தான்னு நானும் தலபாடா அடிச்சுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் புகாரைப் பிரித்தார். "வீட்டைப் பூட்டி, ஒரு பல் உடைஞ்ச இரும்புச் சாவியைக் கையோட எடுத்துட்டுப் போனாங்க. அப்படித்தானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஆமா சார். இருந்ததே அந்த ஒரு சாவிதான். பூட்டுக்காரன் நான், என் வீட்டுப் பூட்டையே உடைச்சேன். தெருவே சிரிச்சுது."

சுவர் முழுக்க ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தொங்கியது. நீலம், சிவப்பு, மரக்கட்டை அச்சு, நடுநடுவே பழுப்புத் தழும்புகள். பூவும் இல்லை, பறவையும் இல்லை.

"இது என்னம்மா படம்?"

"எங்க அக்கா சார்."

இன்ஸ்பெக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அக்கா தென்படவில்லை.

"மூக்கு எங்க, முழி எங்க?" அத்தான் சிரித்தார். "இந்தக் கந்தலுக்கு என் பட்டறைச் சாமான் வேற! துருப்பிடிச்ச இரும்பு இருந்தா குடுங்கன்னு போன வாரம் வந்து நின்னா. மூலையில கிடந்த டப்பாவை அப்படியே தூக்கிக் குடுத்தேன்."

"அந்தப் பழுப்பெல்லாம் அதுதான் சார். வெள்ளைத் துணியை வினிகர்ல நனைச்சு, இரும்பு மேல இறுக்கிச் சுத்தி வெச்சா ரெண்டு நாள்ல துரு பதிஞ்சுடும். நான் எதையும் வரையல. உள்ள இருக்கறது இருக்கறபடியே விழும்."

"பாடம் போதும். இவளைக் கூட்டிட்டுப் போங்க சார்!"

அவள் கையைத் துடைக்காமலே போர்வையின் கீழ் ஓரத்தைக் காட்டினாள். "இது மட்டும் இன்னிக்குக் காலையில பிரிச்சுத் தைச்சது."

நாலைந்து ஆணி, ஒரு வாஷர், ஒரு கீல். அவற்றுக்கு நடுவே பழுப்பாக ஒரு சாவி படுத்திருந்தது. அதில் ஒரு பல்லைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"அக்கா எடுத்துட்டுப் போன சாவி உங்க டப்பாவுக்குள்ள எப்படி வந்துச்சு அத்தான்?"