விபூதிச் சம்புடத்தில் ஒரு மீட்டர்

"இதுவும் கம்மிம்மா. உள்ளாற மூணரை அங்குலம் இருக்கணும்."

அப்பாதுரை பித்தளைச் சம்புடத்தைத் திருப்பி வைத்தான். தேரடித் தெருப் பாத்திரக் கடையில் அவன் அளந்து பார்த்துத் தள்ளிய ஐந்தாவது சம்புடம் அது. அண்ணனுக்குப் பதிலாகக் கடையில் உட்கார்ந்திருந்த கஸ்தூரியின் குரலில் சலிப்புத் தட்டியது.

"விபூதி வைக்க யாருங்க ஸ்கேலோட வருவாங்க?"

"விபூதிக்கு இல்லம்மா."

துணி மூட்டையை அவிழ்த்தான். பழைய லாரியில் கழற்றிய ஸ்பீடோமீட்டர். முள்ளும் எந்திரமும் ஒழுங்காக இருந்தன. கூடுதான் நசுங்கிப் போயிருந்தது.

"என் பஸ்ஸுல மாட்டப் போறேன். சம்புடம்தான் இதுக்குக் கூடு. மூடியில நடுவை வெட்டி எடுத்துட்டா, மிச்ச விளிம்பு கண்ணாடியைப் புடிச்சுக்கற வளையம். மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டேன். வெறுங்கூடு தனியா வராதாம்."

"உங்க பஸ்ஸுல மீட்டர் இல்லையா?"

"அது என் பக்கம் பாத்து இருக்குது. இது ஜனங்க பக்கம் பாத்து இருக்கணும். நான் போற வேகத்தை உக்காந்திருக்கறவங்களே பாத்துக்கலாம்."

கஸ்தூரி சிரித்தாள். "எந்த டிரைவராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாரா?"

அப்பாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமாக அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இப்போதும் சம்புடத்தைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

"போன வருஷம் செங்கம் ரோட்டு வளைவுல வண்டி கவுந்து ஒருத்தர் செத்துட்டாரு. அதுலேர்ந்து நம்ம வண்டின்னா ஜனங்க ஏறறதில்ல. வர்ற வெள்ளிக்கிழமையும் காலியாப் போனா வேற வேலை பாத்துக்கன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"ஓட்டினது நீங்களா?"

"நான்தாம்மா. பிரேக் புடிக்கலன்னு கோர்ட்டுல தப்பிச்சுட்டேன். ஆனா வேகமாத்தான் போனேன்."

கடையை விட்டு இறங்கச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, வெட்கத்தோடு மீட்டரை மூட்டை கட்டத் தொடங்கினான்.

கஸ்தூரி முக்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து பெரிய சம்புடம் ஒன்றை எடுத்து வந்தாள். ஸ்கேலை வாங்கித் தானே அளந்தாள்.

"மூணரை. சரியா இருக்குது."

"மூடியை நான் வெட்டிக்கறேன்மா."

"வேணாங்க. கோணிக்கும். பட்டறையில கண்ணாயிரத்துகிட்ட குடுத்து வெட்டித் தர்றேன். எந்த சீட்டுலேர்ந்து பாத்தா முள்ளு நல்லாத் தெரியும்?"

"முதல் சீட்டுலேர்ந்து. ஆனா, யாரும்மா வந்து உக்காரப் போறாங்க?"

"வெள்ளிக்கிழமை நான் உக்கார்றேன். என் பொண்ணு செங்கத்துல எங்க மாமியார்கிட்ட இருக்கா. அந்த வளைவைத் தாண்டத் தைரியம் இல்லாம, ஒரு வருஷமா அவளைப் போய்ப் பாக்கல" என்றாள் கஸ்தூரி. "அன்னைக்கு உங்க வண்டியில செத்தது அவ அப்பாதான்."