வேலிக்கம்பில் ஒரு கையுறை

வழியில் கிடக்கும் ஒற்றைக் கையுறையை, தேடி வருபவர் கண்ணில் படும்படி வேலிக்கம்பில் மாட்டிவிட்டுப் போவது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைகளில் நடப்பவர்களின் வழக்கம். போன குளிர்காலத்தில் இங்கே நடக்க வந்த மகன் பரிதி திரும்பவில்லை. அவனுடைய கையுறை ஒன்றுதான் கிடைத்தது. மங்கையர்க்கரசி அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, கல்சுவரை ஒட்டி நின்ற கம்பில் மாட்டினாள். விரல் விரித்து யாரையோ கூப்பிடுவதுபோல் அது நின்றது. அவளும் கணவர் சம்பந்தமும் மூடுபனிக்குள் ஏறி, ஆடுகள் கத்தும் மேடுவரை போய்த் திரும்பினார்கள். கையுறை அங்கேயே இருந்தது. அவள் அதற்குள் கையை நுழைத்தாள்.

“ஏங்க, உள்ள கதகதன்னு இருக்கு.”

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. சுவருக்கு அப்பால் வெள்ளையாக நின்ற பனியைப் பார்த்து, “மெதுவா வாடா, நாங்க இங்கதான் நிக்கிறோம்” என்றார்.