ரீ மிஸ்

பள்ளிக்கூடத்து வெள்ளிக் கோப்பை காணாமல் போயிருந்தது. பிள்ளைகள் ஓடி ஓடி ஜெயித்த கோப்பை. கண்ணாடி அலமாரியின் பூட்டு உடையவில்லை. சாவி தொங்கியதோ வாட்ச்மேன் அறையில். போதாதா? காலையிலிருந்து எல்லோர் விரலும் அவரைத்தான் காட்டின.

"இந்த வேலையும் போயிட்டா எம்பொண்ணு படிப்பு அவ்வளவுதான் சார்" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார் வாட்ச்மேன், பாவம்.

தலைமையாசிரியைக்குக் கோபம் வந்தால் தமிழில் இங்கிலீஷ் கலந்துவிடும். "நான் சொல்றது ஒண்ணுதான் இன்ஸ்பெக்டர். ரீமிஸ்!" என்று மேசையைத் தட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "ரீ மிஸ்ஸா? யாருய்யா அந்த டீச்சர்?"

"சார், அப்படி ஒரு மிஸ்..." என்று இழுத்தார் வாட்ச்மேன்.

"நீ சும்மா இருய்யா!"

டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் நகரவில்லை. வம்பு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"நான் சொல்றேன் சார். முழுப் பேரு ரீனாவோ ரீட்டாவோ, பிள்ளைங்க சுருக்கமா ரீ மிஸ்னுதான் கூப்பிடும். புதுசா வந்தவங்க."

"நீ பார்த்திருக்கியா?"

"தினம் பார்க்கிறேனே! ஒல்லியா, சுருட்டை முடி, கண்ணாடி. நேத்துகூட துணியில எதையோ சுத்தி எடுத்துக்கிட்டு வாட்ச்மேன் ரூம் பக்கமிருந்து வந்தாங்க. என்னைக் கண்டதும் முகமே செத்துப்போச்சு. படிச்சவங்க விவகாரம், நமக்கேன் பொல்லாப்புன்னு விட்டுட்டேன்."

"சத்தியமா?"

"எம்புள்ளைங்க மேல சத்தியம் சார்!"

வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார். இன்ஸ்பெக்டர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார். காலி டம்ளரை எடுக்கக் கேன்டீன்காரர் கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ரீமிஸ்னா கடமையில அசட்டையா இருக்கிறதுன்னு இங்கிலீஷ்ல அர்த்தம்ப்பா, வாட்ச்மேனைத் திட்டின வார்த்தைக்குச் சுருட்டை முடியும் கண்ணாடியும் வச்சு டீச்சராக்கினவனே, கோப்பையை எங்க வச்சிருக்கே?"